மணியக்கார வீட்டு இரண்டாம் தலைக்கட்டு

லைப்சிக்
12.1.2025

அன்புள்ள தர்ஷனுக்கு,

இனிமேல் போன் வேண்டாம். கடிதம் எழுது.

போனில் நீ கிசுகிசுக்கிறாய். நேற்று பின்னால் உன் அம்மா மாட்டை அதட்டும் சத்தம் கேட்டதும், "சரிங்க சார், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டாய். நான் உனக்கு சார் இல்லை. இரண்டு வருடமாக உன் மனைவி. சென்னையில் பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டபோது நீ அப்படிச் சிரித்தாய், அந்தப் பதிவாளர் அம்மா "இது ஆபீசுங்க" என்று அதட்டினார். அந்தக் குரல் எங்கே போயிற்று? காகிதத்தில் யாரும் கிசுகிசுக்க முடியாது. அதனால் எழுது.

வீட்டு முகவரிக்குக் கடிதம் வரக்கூடாது என்கிறாய். சரி, நாமக்கல்லில் குழந்தைவேலின் லாரிப் பட்டறைக்கே அனுப்புகிறேன். அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் இங்கேயே எழுதிவைக்கிறேன்.

உன் அப்பா பக்கவாதத்தில் விழுந்து இரண்டு மாதமாகிறது. மாமாவுக்கு வலது கை கொஞ்சமாவது அசைகிறதா? பேச்சு வருகிறதா? ஒரு மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று நவம்பரில் போனாய். நோயாளியை விட்டுவிட்டு வா என்று சொல்ல மாட்டேன். என் அப்பா விழுந்திருந்தால் நானும் ஓடியிருப்பேன்.

இங்கே பனி கொட்டுகிறது. உன் கறுப்புக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு நூலகம் போகிறேன். அதன் கை என் விரல் நுனிக்கும் கீழே தொங்குகிறது. டிராமில் ஒரு கிழவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆம்பிளைக் கோட்டு என்று தெரிந்திருக்கும். எனக்கு வெட்கமாக இல்லை. கழுத்துப் பட்டையில் இன்னும் உன் வாசனை இருக்கிறது. மார்ச்சுக்குள் போய்விடும் என்று நினைக்கிறேன்.

அகராதி வேலையில் புதிதாக ஒரு சொல் கொடுத்திருக்கிறார்கள். கெஷ்பான். பழைய ஹங்கேரி ராஜ்ஜியத்தில் ஒரு மாவட்டத்துக்குத் தலைவனாக இருந்த பிரபுவை ஜெர்மன்காரர்கள் அப்படிச் சொன்னார்கள். சொல்லைப் பார்த்தால் அசல் ஜெர்மன் மாதிரியே இருக்கும். முன்னால் ஒரு 'கெ' ஒட்டியிருக்கிறது, இவர்கள் மொழியில் ஆயிரம் சொற்களுக்கு இருப்பது போல. ஆனால் ஜெர்மன் இல்லை. ஹங்கேரியில் 'இஷ்பான்' என்றார்கள். இவர்கள் வாங்கி, சட்டை மாட்டி, தங்கள் வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டார்கள்.

எனக்கு வேடிக்கையாக இருந்த செய்தி வேறு. இஷ்பான் என்பது முதலில் வெறும் வேலைதான். ராஜா நியமிப்பார், வேண்டாம் என்றால் தூக்கிவிடுவார். பிறகுதான் சில குடும்பங்கள் அதைப் பரம்பரையாக்கிக்கொண்டன. படித்ததும் உங்கள் வீடு ஞாபகம் வந்தது. ஊர் வரி வசூலித்த மணியக்காரர் வேலையை அரசாங்கம் ஒழித்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. உன் தாத்தாவோடு முடிந்த உத்தியோகம். இன்னும் 'மணியக்கார ஊடு' என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

மாமாவைப் பார்த்துக்கொள். நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
இலக்கியா


ஆவாரங்காட்டூர்
30.1.2025

என் இலக்கியாவுக்கு,

கடிதம் வந்தது. குழந்தைவேல் வண்டியின் டூல்ஸ் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தான். உறை பூராவும் கிரீஸ். "ஏன்டா மாப்ள, கட்டுன பொண்டாட்டிக்குத் திருட்டுக் கடுதாசி எழுதற மொத ஆளு இந்த ஜில்லாவுலயே நீதான்டா" என்றான். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு ஜேடர்பாளையம் வரை பைக்கில் வந்து, அணைக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

அப்பாவுக்கு இடது கை நன்றாக இருக்கிறது. வலது வரவில்லை. பேச்சு குழறுகிறது. அம்மாவுக்கு மட்டும் புரிகிறது. கரும்பு வெட்டு நடப்பதால் காட்டுக்கு நான்தான் போகிறேன். கூலி, வண்டி, ஆலைக்காரன், எல்லாம் என் தலையில். ஜெர்மனியில் படித்த மெஷின் படிப்பு இங்கே மோட்டாருக்கு ஃபியூஸ் போட உதவுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் வாய்க்கால் மேட்டில் உன் அப்பாவைப் பார்த்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் சைக்கிளோடு மேட்டைவிட்டு இறங்கி நின்றார்.

"நல்லாருக்கீங்களா சின்ன மணியக்காரரே? ஐயாவுக்கு இப்ப தேவலைங்களா?" என்றார்.

"தேவலைங்க" என்றேன்.

"எம் புள்ள போன் பண்ணுச்சுங்க. அங்க ரொம்பக் குளுருதாமா" என்றார். அவ்வளவுதான். என் பின்னால் கரும்பு வெட்டும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் அப்படிப் பேசினார் என்று நினைக்கிறேன். மாமா என்று கூப்பிட வாய் வரை வந்தது. நம்பு.

அம்மாவுக்கு நம் கல்யாணம் தெரியும், ஆனால் உன் பெயரைச் சொல்வதில்லை. 'அது' என்கிறாள். "அது எப்ப போன் பண்ணும்?" என்று கேட்டாள் ஒருநாள். கோபமாகக் கேட்கவில்லை. அதனால் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது.

ஏப்ரலில் ஊர்த் திருவிழா, மாரியம்மன் நோம்பி. கோயில் கமிட்டி ஆட்கள் தலைக்கட்டு வரி வாங்க வருவார்கள். கமிட்டிக்கு தீனதயாளன் சித்தப்பாதான் தலைவர். கோயிலில் முதல் பரிவட்டம் எப்போதும் நம் வீட்டுக்குத்தான். அப்பாவால் நிற்க முடியாது. அந்தத் துணியை என் தலையில் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். ஒருநாள் சமாச்சாரம்தான். முடிந்ததும் கிளம்பிவிடலாம்.

அந்த இஷ்பானுக்கு முன்னால் என்ன? அது எங்கிருந்து வந்தது? எழுது. நீ சொல்லின் கதை சொல்லும்போது கையை ஆட்டுவாய். இங்கே படிக்கும்போது அந்தக் கை தெரிகிறது.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
தர்ஷன்


லைப்சிக்
14.2.2025

தர்ஷன்,

வாய் வரை வந்தது என்கிறாய். வாய் வரை வந்த சொல்லுக்கு அகராதியில் இடம் கிடையாது.

நான் உன் அப்பாவை மாமா என்றுதான் எழுதுகிறேன். அவர் என்னை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அவர் எனக்கு மாமாதான். உன் மாமனார் உனக்காக மேட்டைவிட்டு இறங்கி நிற்கிறார், நீ அவருக்கு 'தேவலைங்க' என்று பதில் சொல்கிறாய். அவர் காப்பாற்றியது உன்னையா, தன்னையா? யோசி. அடி உன் முதுகில் விழாது.

தலைக்கட்டு வரி பற்றி எழுதியிருந்தாய். மேற்குத் தெருவில் பிறந்தவளுக்கு அதைப் பற்றித் தெரியாது என்று நினைத்துவிட்டாயா? எங்கள் தெருவில் வரி வாங்க மாட்டார்கள். ஏழைகள் என்று இரக்கப்பட்டு அல்ல. வாங்கினால் கோயிலில் பாத்தியதை வந்துவிடும். என் சின்ன வயதில் எங்கள் அப்பா பணத்தை மடித்துக்கொண்டு கமிட்டி ஆட்கள் வரும் வழியில் நிற்பார். அவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போவார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. எங்கள் தெரு ஆண்களுக்கு மட்டும் தலையே இல்லை.

உனக்குத் தலை இருக்கிறது. கல்யாணமும் ஆகிவிட்டது. அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர்கள் வந்து எத்தனை தலைக்கட்டு என்று கேட்கும்போது, இரண்டு என்று சொல். ஒன்று அப்பா, ஒன்று நான் என்று சொல். சண்டை போட வேண்டாம், பிரசங்கம் செய்ய வேண்டாம். என் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். இரண்டு என்று சொன்னால் போதும். ஊருக்கு மிச்சம் தெரியும்.

இஷ்பானுக்கு முன்னால் என்ன என்று கேட்டாய். ஸ்லாவிய மொழிகளில் 'ஜூபான்'. ஒரு வட்டாரத்தின் தலைவன். இப்போது ஆஸ்திரியாவில் இருக்கும் ஒரு மடத்தின் பழைய சாசனத்தில், கி.பி. 777-லேயே, ஃபிஸ்ஸோ என்று ஒருவன் இந்தப் பட்டத்தோடு வருகிறான். அதற்கும் முன்னால் இருட்டு. சிலர் புல்வெளி நாடோடிகளின் பட்டம் என்கிறார்கள். சிலர் ஈரானிய மொழியில் ஆடு மேய்ப்பவனைக் குறித்த சொல் என்கிறார்கள். பிரபுக்களின் பட்டத்துக்கு அடியில் ஓர் ஆட்டுக்காரன்! எங்கள் அப்பா சின்ன வயதில் உங்கள் ஆடுகளைத்தான் மேய்த்தார். எனக்கு இந்தக் கருத்து எவ்வளவு பிடித்திருக்கிறது என்று உனக்கே தெரியும். ஆனால் நிரூபணம் இல்லை. 'ஐயத்துக்குரியது' என்றுதான் குறிப்பு எழுதினேன். பிடித்ததை எல்லாம் வம்சாவளியாக நம்புவது உங்கள் வீட்டுக்காரர்களின் வேலை. என் வேலை அல்ல.

கோபமாக எழுதிவிட்டேன். இன்று இங்கே காதலர் தினமாம். கீழே பூக்கடையில் வரிசை. ஒரு பையன் பூங்கொத்தைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு ஓடினான், குளிரில் வாடிவிடும் என்று. நான் மேலே வந்து, விளக்குப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ மாடிப்படி ஏறும்போது கடைசி மூன்று படியை ஒரே தாவாகத் தாவுவாய். பக்கத்து வீட்டுக்காரன் அப்படி ஏறுகிறான் இப்போதெல்லாம். தினமும் ஏமாறுகிறேன்.

இலக்கியா


ஆவாரங்காட்டூர்
2.3.2025

என் இலக்கியாவுக்கு,

வந்தார்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முந்தாநாள் காலையில் சித்தப்பாவும் இன்னும் நாலு பேரும். அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். சித்தப்பா நோட்டை விரித்துக்கொண்டு, "மணியக்கார ஊட்டுல எத்தன தலக்கட்டுங்ணா?" என்று கேட்டார். வருடா வருடம் கேட்பது. அப்பா இடது கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினார்.

நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வாயைத் திறந்தேன்.

அதற்குள் சித்தப்பா என்னைப் பார்த்தார். "பையன் இன்னும் கட்டிக்கலீல்ல, அப்பறம் ஒண்ணுதான். அடுத்த நோம்பிக்கு ரெண்டாக்கிருவோம். என்ன சாமி, நாஞ் சொல்றது?" என்று சிரித்தார். அவருக்குத் தெரியும், இலக்கியா. வந்திருந்த எல்லோருக்கும் தெரியும். அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அந்த ஒற்றை விரலை இறக்கவே இல்லை. அம்மா, "காப்பி குடிச்சுட்டுப் போலாம், இருங்க" என்று உள்ளே போனாள்.

நான் சொல்லவில்லை.

ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. இரவெல்லாம் நீ எழுதியதையே நினைத்தேன், உன் அப்பா பணத்தோடு வழியில் நின்றதை. மறுநாள் சித்தப்பாவின் உரக்கடைக்குப் போனேன். "மேற்குத் தெரு கருப்பண்ணன் பேர்லயும் ஒண்ணு எழுதிக்கங்க சித்தப்பா" என்று பணத்தை வைத்தேன். அவர் நோட்டுகளை எண்ணினார். பிறகு, "படிச்ச புள்ள சொல்றே, செரி" என்று வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டார், இலக்கியா! உங்கள் தெருவிலிருந்து முதல் பெயர், உன் அப்பா பெயர். வெளியே வந்தபோது கால் தரையில் படவில்லை. இதை உன்னிடம் நேரில் சொல்லி, உன் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்றுதான் வருத்தம்.

ஒவ்வொன்றாக நடக்கும். பொறுத்துக்கொள்.

உன்
தர்ஷன்


லைப்சிக்
17.3.2025

தர்ஷன்,

உன் கடிதத்துக்கு முன்னாலேயே அம்மாவின் போன் வந்துவிட்டது. உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஆனாலும் எங்கள் வாசலில் என்ன நடந்தது என்று என் வாயால் நீ கேட்க வேண்டும்.

மத்தியானம் ஏழெட்டுப் பேர் வந்திருக்கிறார்கள். உன் சித்தப்பா வரவில்லை. அவர் ஏன் வருவார்? அப்பா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். "என்னடா கருப்பா, மணியக்காரருக்குச் சம்மந்தி ஆயிட்டியாமா? பரிவட்டம் உனக்குக் கட்டலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். "நாங் குடுக்கலீங்க சாமி, எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்று அப்பா எச்சில் கையோடு எழுந்து கும்பிட்டிருக்கிறார். நீ கொடுத்த நோட்டுகளை அவர் முகத்தில் எறிந்துவிட்டுப் போனார்கள். அம்மா அவற்றைப் பொறுக்கவில்லை. சாயங்காலம் வரை கோழிகள் கிளறிக்கொண்டிருந்தனவாம்.

மறுநாள் முதல் கரும்பு வெட்டுக்கு அப்பாவை யாரும் கூப்பிடவில்லை. மளிகைக் கடையில் சாமான் இல்லை என்றார்கள். நான்காம் நாள் இருவரும் சேலத்துக்குப் போய்விட்டார்கள், அம்மாபேட்டையில் செல்லாயி சித்தி வீட்டுக்கு. ஒரு பெட்டி, இரண்டு மூட்டை. கோழிகளைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார்கள்.

போன் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இதற்குமா நீ போன் பண்ணக்கூடாது?

உன்னை ஒரு தலையாக எண்ணச் சொன்னேன். நீ என் அப்பாவை எண்ணச் சொல்லிவிட்டு வந்தாய். அவரைக் கேட்டாயா? இருபது வருடம் முன்பு அவர் பணத்தோடு நின்றார் என்றால் அது அவருடைய பணம், அவருடைய துணிச்சல், அவர் தேர்ந்தெடுத்த நாள். நீ கொடுத்தது உன் பணம். அடி தின்றது அவர். உன் வீட்டில், தூணைப் பிடித்துக்கொண்டு சொல்ல முடியாததை, அவர் வாசலில் அவர் தலையில் வைத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறாய். நீ கெட்டவன் இல்லை. அதுதான் என்னை இன்னும் கோபப்படுத்துகிறது.

கெஷ்பான் குறிப்பை முடித்துக் கொடுத்தேன். அந்தச் சொல்லின் பின்கதை தெரியுமா? ஹங்கேரியில் மாவட்டத் தலைவருக்கு 'தலைமை' என்று பொருள்படும் 'ஃபோ'வை முன்னால் சேர்த்து உயரத்தில் வைத்துக்கொண்டார்கள். வெறும் இஷ்பான் இறங்கி இறங்கி, பண்ணைகளில் கூலியாட்களை மேய்க்கும் கங்காணிக்குப் பெயராகிவிட்டது. மேலே ஒருவன், கீழே ஒருவன். இருவருக்கும் அடியில் நின்றவர்கள் அதே ஆட்கள்தான்.

ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு எந்த ராஜா, எந்த மடம், எந்தப் பிரபு இந்தச் சொல்லை எழுதினார்கள் என்று வரிசையாகக் காட்ட முடிகிறது. அந்த இஷ்பான் எதிரே நின்றவர்கள் அதை எந்தக் குரலில் சொன்னார்கள் என்று ஒரு சான்றும் இல்லை. வரப்பைவிட்டு இறங்கிச் சொன்னார்களா? திட்டிச் சொன்னார்களா? குறிப்பின் கடைசியில் அப்படி ஒரு வாக்கியம் எழுதினேன். பேராசிரியர் அடித்துவிட்டார். "இது சொற்பிறப்பு அல்ல" என்றார். சண்டை போட்டேன். தோற்றேன்.

நோம்பிக்கு இன்னும் நாள் இருக்கிறது. பரிவட்டம் கட்டும் முன்னால் ஊர் கூடி நிற்கும். அங்கே சொல். என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். 'எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது' என்று உன்னைப் பற்றி மட்டும் சொல். அதற்குப் பிறகு அவர்கள் பரிவட்டம் கட்டினாலும் சரி, கட்டாவிட்டாலும் சரி.

காத்திருக்கிறேன். அவ்வளவு கோபத்திலும் காத்திருக்கிறேன் என்பது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

இலக்கியா


ஆவாரங்காட்டூர்
12.4.2025

இலக்கியா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கோயிலுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

அப்பாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்திருந்தார்கள். மேளம் நின்றது. மைக்கில் சித்தப்பா, "மணியக்கார ஊட்டு வாரிசு, ஜெர்மனியில இஞ்சினியரு" என்று ஆரம்பித்து என்னென்னவோ சொன்னார். பூசாரி துணியை விரித்துக்கொண்டு வந்தார். மைக் என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. கையை நீட்டியிருக்கலாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேற்குத் தெருக்காரர்கள் எப்போதும் போல நின்றிருந்தார்கள். உன் அப்பா நிற்கும் புளியமரத்தடியை என் கண் தேடியது. அங்கே வேறு யாரோ நின்றார்கள்.

கட்டிக்கொண்டேன்.

அப்பாவுக்காக என்று எழுதலாம். அவர் அழுதார். விழுந்த நாளிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார். ஆனால் அதுமட்டும் காரணம் இல்லை. உன்னிடம் மறைக்க முடியாது. தலையில் அந்தத் துணி இறுகியபோது எனக்குப் பிடித்திருந்தது. ஊரே என்னைப் பார்த்தது. என் வயதுக்கு இரண்டு மடங்கு ஆட்கள் கையைக் கட்டி நின்றார்கள். ஒரு நிமிடம், ஒரே நிமிடம், அது எனக்கு உரியது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து துணியை அவிழ்த்துவிட்டு உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

மே இருபதாம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அங்கே வந்துவிட்டால் நாம் பழையபடி இருக்கலாம். அங்கே நான் வேறு ஆள். உனக்குத் தெரியும். போகிற வழியில் அம்மாபேட்டைக்குப் போய் மாமாவின் காலில் விழுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள், கண்ணு. நீ இல்லாமல் எனக்கு ஒன்றும் இல்லை.

தர்ஷன்


லைப்சிக்
28.4.2025

தர்ஷனுக்கு,

பிடித்திருந்தது என்று எழுதினாயே, அதற்கு நன்றி. அந்த ஒரு வரியை நீ எழுதாமல் விட்டிருந்தால், நான் இன்னும் பத்து வருடம் உனக்காக ஏதாவது காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அங்கே நான் வேறு ஆள் என்கிறாய். உண்மைதான். இந்த ஊரில் உன்னை மணியக்காரர் என்று கூப்பிட ஆள் இல்லை, அதனால் நீ நல்லவனாக இருந்தாய். இரண்டு வருடம் நான் அந்த ஆளோடுதான் வாழ்ந்தேன். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கடலைத் தாண்டினால் மட்டுமே எனக்குப் புருஷனாக இருக்கிறவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அம்மாபேட்டைக்குப் போகாதே. அப்பாவுக்கு அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் காவல் வேலை கிடைத்திருக்கிறது. சித்தி வீட்டுத் தெருவில் அவரை அண்ணன் என்கிறார்கள், எதிர்வீட்டுக்காரர் வெற்றிலை கொடுத்து உட்கார வைத்துப் பேசுகிறார். அவருக்கு இன்னும் பழகவில்லையாம். யாராவது பைக்கில் வந்தால் ஒதுங்கி நிற்கிறாராம். அம்மா சொல்லிச் சிரித்தாள். அந்தத் தெருவில் நீ வந்து காலில் விழுவது சுலபம். உன்னை அங்கே யாருக்கும் தெரியாது. அவருக்கு உன் தலை காலடியில் வேண்டாம். ஊருக்கு நடுவில் நிமிர்ந்து அது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

அம்மா நேற்று கேட்டாள், "மாப்பள எப்பப் புள்ள வாராரு?" என்று. அவள் உன்னை அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. பின்னால் சித்தி வீட்டு ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது. அத்தனை பேர் நடுவில் அவள் சத்தமாகத்தான் சொன்னாள். வரமாட்டார் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

சென்னையில் என் தோழி மதுமதி வக்கீலாக இருக்கிறாள், உனக்குத் தெரியும். விவாகரத்துக் காகிதங்களை அவள் அனுப்புவாள். பட்டறைக்கு வராது. உன் வீட்டுக்கே வரும், பதிவுத் தபாலில். முதல் வரியிலேயே கணவர் பெயர், மனைவி பெயர், தகப்பன் பெயர்கள், எல்லாம் இருக்கும். மாமா பக்கத்தில் இருந்தால் அவருக்குப் படித்துக் காட்டு. அவருக்குப் பேச்சு வர வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

கோட்டைத் துணி தானம் வாங்கும் இடத்தில் போட நினைத்து இரண்டு முறை எடுத்துப் போனேன். இரண்டு முறையும் போட்டுக்கொண்டே திரும்பி வந்தேன். இப்போது வெயில் வந்துவிட்டது. மரமெல்லாம் தளிர். ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் ஜோடி ஜோடியாகப் படுத்துக்கிடக்கிறார்கள். நான் வேகமாக நடந்துவிடுகிறேன்.

இன்னும் ஒரு மாதம் கழித்து, ஆற அமர யோசித்து இதை எழுதியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். முடியாது. உன் மேல் இருக்கும் கோபம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. இன்று காலை தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அது முழுவதும் தீர்ந்துபோவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இன்றே எழுதி, இப்போதே தபாலில் போடப் போகிறேன்.

இலக்கியா